புடைச்சவ்வுப் புற்றுநோயும் நீலக் கல்நாரும்

நுரையீரலையும் நெஞ்சறையின் உட்சுவரையும் போர்த்தி நிற்கும் மெல்லிய படலம் புடைச்சவ்வு எனப்படும். அச்சவ்விலே புற்றுநோய் முதலாகத் தோன்றக்கூடுமா என்பது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நோயியலாளரிடையே சர்ச்சைக்குரிய வினாவாக இருந்தது. கட்டியின் இழைய இயல்பே இச்சர்ச்சைக்குக் காரணமாகும். ஒரு நோயாளியில் அதன் கலங்கள் மேலணி இழையத்தை ஒத்திருக்கும். இன்னொருவரிற் கதிர்வடிவில் நீண்டு நாரிழையம் போலத் தோன்றும். சிலரில் இரண்டும் கலந்திருக்கும். ஆதலால், வேறோர் உறுப்பிலே தோன்றிய புற்றுநோயின் பரவலே இது எனப் பலர் வாதித்தனர். நுணுக்குக்காட்டியால் மட்டும் இவ்வினாவைத் தீர்க்க இயலவில்லை.

தெளிவு தென்னாபிரிக்காவிலிருந்து வந்தது. கிம்பேர்ளி நகரக் காசநோய் வைத்தியசாலையிற் பணியாற்றிய ஸ்லெக்ஸ், மேற்குப் புறத்திலிருந்து வந்த நோயாளர் சிலரின் புடைச்சவ்வு நோய் காசநோய்ச் சிகிச்சைக்கு இணங்காமையை அவதானித்தார். அம்மேற்குப் பகுதி நீலக் கல்நார் அகழப்பட்ட பிரதேசமாகும். 1956இல் நோயியலாளர் வாக்னர், காசநோயாளி எனக் கருதப்பட்ட ஒருவரின் சடலத்தைப் பரிசோதித்தபோது நெஞ்சறையிற் பெருங்கட்டியொன்றைக் கண்டார். இவ்விருவரும் சத்திரசிகிச்சை நிபுணர் மார்ச்சண்டும் 1960இல் வெளியிட்ட கட்டுரை 33 நோயாளரைப் பற்றியது. அவர்களுள் 22 பேர் ஆண்கள். 11 பேர் பெண்கள். ஒருவரைத் தவிர ஏனையோர் யாவரும் நீலக் கல்நாருடன் தொடர்புற்றிருக்கக் கூடியவராகக் காணப்பட்டனர்.

இவர்களுட் பலர் சுரங்கத் தொழிலாளர் அல்லர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. சுரங்கத்தின் அயலிற் பிறந்து வளர்ந்தமையே சிலருக்கு இருந்த தொடர்பாகும். தூசு உட்சென்று பல தசாப்தங்கள் கழிந்த பின்னரே கட்டி தோன்றுவதால், நோயாளியின் அப்போதைய தொழிலை மட்டும் வினவியிருந்தால் காரணம் புலப்பட்டிராது. பிறந்த ஊரும் சிறுபராயமும் வினவப்பட்டன. விடை அங்கே கிடைத்தது.

இலண்டனில் நியூஹவுஸ், தொம்சன் ஆகியோர் 1965இல் வெளியிட்ட ஆய்வு இதனை வலியுறுத்தியது. அவர்கள் வரலாறு அறிந்த 76 நோயாளருள் 9 பேர் கல்நார்த் தொழிலாளரின் உறவினர். தூசு படிந்த ஆடைகளைத் துவைத்த மனைவியரே அவர்களிற் பெரும்பாலார். வேறு சிலர் தொழிற்சாலைக்கு அரை மைல் தூரத்துள் வாழ்ந்தவர்.

தொழிற்சாலைகளின் சம்பளப் பதிவேடுகளில் இம்மனைவியரின் பெயர்களோ அயலவரின் பெயர்களோ இடம்பெறுவதில்லை. அவற்றை மாத்திரம் சான்றாகக் கொள்ளும் தொழில் வரலாறு இவர்களின் மரணங்களைக் காணாது போயிருக்கும். உண்மை அறியப்பட்டமை மாத்திரம் போதுமானதாகவும் இருக்கவில்லை. தென்னாபிரிக்கா கல்நாரைத் தடைசெய்தது 2008இலேயே. அறிவுக்கும் சட்டத்துக்கும் இடையே 48 ஆண்டுகள் கழிந்தன.