கங்காணியைக் கண்காணிப்பவர் யார்?

ரப்பர்த் தோட்டத்தை அறிந்தவர்களுக்குக் கங்காணி என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. கண்ணால் கண்டு காப்பவன் கண்காணி. அதுவே மருவிக் கங்காணி ஆயிற்று. ஆட்களைக் கங்காணி பார்த்தான். கங்காணியைப் பார்த்தவர் யார்? இக்கேள்விக்கு விடையில்லாத தோட்டங்களில் கூலியாட்கள் பட்ட பாட்டை நம் முன்னோர் நன்கறிவர். ஒரு நாட்டின் சர்க்காருக்கும் கங்காணி உண்டு. ஒற்றன் என்பது அவனுடைய பழம்பெயர்.

திருக்குறளில் ஒற்றாடல் 59-ஆம் அதிகாரம். ஒற்றனை அரசனுக்குக் கண்ணாகக் கருதிய வள்ளுவர், அவன் சொல்லை அப்படியே நம்பிவிடச் சொன்னாரில்லை. ஒருவன் கொணர்ந்த செய்தியை வேறொருவனைக் கொண்டு ஆராய வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தாலன்றித் தெளியலாகாது என்பது அவர் வகுத்த நெறி. சிங்கப்பூர் உளவு இலாகாவின் சரித்திரத்தை இந்த அளவுகோல் கொண்டு அளந்து பார்ப்போம்.

1914-ஆம் ஆண்டின் இறுதியில் காசிம் மன்சூர் என்னும் குஜராத்தி வியாபாரி ரங்கூனுக்கு அனுப்பிய கடிதம் தபால் தணிக்கையில் அகப்பட்டது. இங்கிருந்த மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் பட்டாளத்தார் துருக்கியின் பக்கம் சேர விரும்புகின்றனர் என்பதே அதன் சாரம். 1915 ஜனவரியில் வியாபாரி கைதானார், பின்னர்த் தூக்கிலிடப்பட்டார். ஒரு பட்டாளத்தைப் பற்றிய கடிதம் துரைமார் கையில் இருந்தது. மற்றொரு பட்டாளத்தின் மனமோ அவர்களுக்குத் தெரிந்திலது. பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு விடுமுறை. அன்று பிற்பகல் அலெக்சாந்திரா முகாமில் 5-ஆம் இலகு காலாட்படை கிளர்ந்தெழுந்தது. தம் மதத்தவரான துருக்கியரோடு போரிடத் தம்மை அனுப்பப் போகின்றனர் என்ற வதந்தி அவ்வீரரிடையே பரவியிருந்தது. சென்னையைக் குண்டு வீசிக் கலக்கிய எம்டன் கப்பலின் ஜெர்மானியர் சிறையிருந்த டாங்லின் முகாமுக்கும் அவர்கள் சென்றனர். பிரெஞ்சு, ருஷ்ய, ஜப்பானியக் கப்பற்படையினரின் துணையோடே கலகம் அடக்கப்பட்டது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் இராணுவ நீதிமன்றத்தில் நின்றனர். 47 பேர் அவுட்ரம் சிறை மதிலோரம் ஊரார் காணச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதன்பின் நடந்ததே நாம் கருத வேண்டியது. கலகம் செய்தவர் வட இந்திய முஸ்லிம் சிப்பாய்கள். ஆயினும் சிங்கையில் வாழ்ந்த இந்தியர் யாவரும் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. சிராங்கூன் சாலைப் பால்காரரும், துறைமுகக் கூலியும், மார்க்கெட் தெருச் செட்டியாரும் ஒரே நாளில் ஐயத்துக்குரியோர் ஆயினர். ஒற்று தவறியது ஆட்சியாளரிடம். அதன் விலையைக் கொடுத்தவர் குற்றமற்ற குடிகள்!

அச்சம் பிறந்த இடத்தில் இலாகாவும் பிறந்தது. 1918-இல் போலீஸில் குற்ற உளவு இலாகா தோன்றிற்று; 1933-இல் அது ஸ்பெஷல் பிராஞ்ச் எனப் பெயர் பெற்றது. அதன் திறமையை மறுப்பது நேர்மையன்று. 1931 ஜூனில் டுக்ரூ என்னும் பிரெஞ்சுக்காரர் இங்கே பிடிபட, ஷாங்காயில் கம்யூனிஸ்டு அகிலத்தின் இரகசிய நிலையம் வெளிப்பட்டது; ஹாங்காங்கில் ஹோ சி மின் கைதானார். ஆனால் அதே இலாகா, ஒற்றன் ஒருவனையே பெரிதும் நம்பிய கதையும் உண்டு. மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் பொதுச் செயலாளராய் உயர்ந்த லாய் டெக், பிரிட்டிஷாரின் கையாள். ஜப்பானியர் வந்ததும் அவர்களுக்கும் கையாள் ஆனான். 1942 செப்டம்பர் 1-இல் பத்து மலைக்கு அருகே கூடிய தன் தோழர்களைக் காட்டிக் கொடுத்தான். 1947-இல் கட்சிப் பணத்தோடு மறைந்தான். மூன்று எஜமானர்க்கு உழைத்தவன் எவருக்கு மெய் சொன்னான்?

கலகம் வெடித்து இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அதே பிப்ரவரி 15-இல், 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கேட்பாரற்ற உளவுப்படை எப்படியிருக்கும் என்பதைக் கெம்பெய்டாய் காட்டிற்று. 1943 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வீரர் சிலர் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்துச் சென்றனர். சாங்கிச் சிறையில் இருந்தவர்களே இதற்குக் காரணம் எனத் தவறாகக் கணித்த கெம்பெய்டாய், அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்து வதைத்தது. 15 பேர் மாண்டனர். இல்லாத சதியை இருப்பதாகக் கொண்டவரை மறுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை.

யுத்தம் முடிந்தபின், 1946-இல் மலாயா பாதுகாப்புச் சேவை என ஒன்று அமைந்தது. 1948-இல் அவசர காலம் பிறந்தது. அவ்வாண்டே அது கலைக்கப்பட்டு, ஸ்பெஷல் பிராஞ்ச் மீண்டும் வந்தது. 1966-இல் அது உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகா ஆயிற்று. இலாகாவின் பெயர் மாறி மாறி வந்தாலும், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் நிலைத்து நின்றது. 1963 பிப்ரவரி 2-இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். 2001 டிசம்பரில் இவ்விலாகா 13 பேரைக் காவலில் வைத்து, தூதரகங்களையும் ஈசூன் இரயில் நிலையத்தையும் குறிவைத்த வெடிகுண்டுச் சதியைத் தடுத்தது. எத்தனை உயிர்கள் பிழைத்தன என்று கணக்கிட இயலாது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

மேற்பார்வையோ எங்கும் பின்தங்கியே வந்தது. பிரிட்டன் தன் உளவு நிறுவனங்களைப் பார்வையிடப் பாராளுமன்ற உறுப்பினர் குழுவை 1994-இல்தான் சட்டப்படி ஏற்படுத்திற்று. தேசிய உளவுக்கு 2007-இல் செலவான தொகை 4,350 கோடி டாலர் என்று அமெரிக்கா வெளியிட்டது. சிங்கப்பூரில் 1988 டிசம்பரில் அப்பீல் கோர்ட், வரம்பற்ற அதிகாரம் என ஒன்று சட்டத்தில் இல்லை என்றும், காவலுக்குரிய காரணத்தை நீதிபதி ஆராயலாம் என்றும் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நடைமுறை ஒழுங்கை மட்டும் பார்க்கும் அளவுக்கு நீதிமன்றத்தின் கையைக் குறுக்கிற்று. 1991-இல் வேறொரு கதவு திறந்தது: ஆலோசனைக் குழு ஒருவரை விடுவிக்கச் சொல்லியும் அமைச்சர் மறுப்பாராயின், ஜனாதிபதியின் இசைவின்றி அவரைக் காவலில் நீட்டிக்க முடியாது.

அந்த ஜனாதிபதிப் பதவியின் வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. தேவன் நாயர் 1951-லும் 1956-லும் இதே அதிகாரத்தால் காவலில் வைக்கப்பட்டவர். 1981-இல் அவரே நாட்டின் ஜனாதிபதி ஆனார். சர்க்காரின் ஏட்டில் பகைவர் என எழுதப்பட்டவர் நாட்டின் தலைவராகலாம் என்றால், அந்த ஏட்டை எழுதும் கை தவறவே தவறாது என்று யார் உறுதி கூறுவார்?

ஒற்றர் வேண்டா என்பது நம் வாதமன்று. கண்ணில்லாத அரசு குருட்டரசு. ஆனால் கண்ணிலும் தூசு விழும்; அதைத் துடைக்க மற்றொரு கை வேண்டும். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் பதிந்த கங்காணியின் கணக்கை வேறொருவர் சரிபார்த்த தோட்டத்தில், கூலி குறையவில்லை, வேலையும் கெடவில்லை. தோட்டத்துக்குப் பொருந்தும் நீதி நாட்டுக்குப் பொருந்தாதோ?