வாழைக்காய்: சேமிப்பில் தரக்குறைவு

வெட்டிய தாரிலும் காய்கள் உயிருடன்தான் இருக்கின்றன. சுவாசிக்கின்றன, நீரை இழக்கின்றன, வெப்பத்தை வெளிவிடுகின்றன. முற்றிய காய் தானே எத்திலீன் வாயுவைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் சுவாசம் திடீரென உயர்கிறது; மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பச்சையம் சிதைந்து தோலில் மஞ்சள் தெரிகிறது, பெக்டின் கரைந்து சதை குழைகிறது. சீப்பில் ஒரு காய் பழுத்தால் அதன் வாயு பக்கத்துக் காய்களையும் பழுக்கவைக்கும். மூடிய அறையில் புகைமூட்டம் போடும் நம் ஊர் வழக்கம் இவ்வியல்பை நன்கறிந்தது. புகையில் எத்திலீனும் உண்டு.

குளிரில் வைத்தால் கெடாது என்ற எண்ணம் வாழைக்குப் பொருந்தாது. சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே செல்சவ்வுகள் பழுதடைகின்றன. பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதி ஃபீனால்களோடு கலந்து தோலைக் கறுக்கச் செய்கிறது. காயாக இருந்தால் பின்னர் ஒழுங்காகப் பழுப்பதுமில்லை. எனவே கிடங்குகளில் 13–14 பாகை வெப்பநிலையும் 90 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் பேணப்படுகின்றன.

வெட்டுவாய் வழியே நுழையும் பூஞ்சைகள் காம்பழுகலை உண்டாக்கும். லாரியில் அடுக்கும்போது ஏற்படும் நசுங்கல் பெரும்பாலும் பழுத்த பிறகே கண்ணுக்குத் தெரியும். மிகுதியும் தவிர்க்கக்கூடிய இழப்பு இது.