வேதிச்சிகிச்சை நாளில் துணையிருத்தல்

வேதிச்சிகிச்சை நாளில் துணையிருத்தல் என்பது, புற்றுநோய்க்காக மருந்தேற்றப்படும் ஒருவருடன் அவருடைய உறவினரோ நண்பரோ அந்நாள் முழுவதும் உடனிருந்து உதவுவதைக் குறிக்கும். வேதிச்சிகிச்சை (கீமோதெரபி) பெரும்பாலும் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் அளிக்கப்படுகின்றது. நோயாளர் அன்றே வீடு திரும்புவதால், அதன் பின்னர் அவரைக் கவனிக்கும் பொறுப்பு துணையிருப்பவரையே சாரும்.

புறப்படுமுன்

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னர் குருதிப் பரிசோதனை செய்யப்படும். வெள்ளையணுக்களோ தட்டணுக்களோ மிகக் குறைந்திருப்பின் மருந்தேற்றல் தள்ளிவைக்கப்படலாம். சிகிச்சைக் கோப்பு, உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், குடிநீர், எளிய உணவு, போர்வை ஆகியவற்றைத் துணையிருப்பவர் எடுத்துச் செல்வது வழக்கம்.

மருந்தேற்றும்போது

முதலில் ஒண்டான்செட்ரான் போன்ற வாந்தித் தடுப்பு மருந்து கொடுக்கப்படும். அதன்பின் மருந்தேற்றல் சில நிமிடங்கள் முதல் பல மணிநேரம் வரை நீடிக்கும். பின்வருவன தோன்றின் உடனே செவிலியரை அழைத்தல் வேண்டும்:

* ஊசி செலுத்திய இடத்தில் எரிச்சல், வலி அல்லது வீக்கம். டாக்சோரூபிசின் போன்ற மருந்து நாளத்திற்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள திசு சிதையும்.
* மூச்சுத்திணறல், முகம் சிவத்தல், அரிப்பு. பாக்லிடாக்செல் மருந்தில் இவை பெரும்பாலும் முதற்சில நிமிடங்களிலேயே தோன்றும்.

பிறருக்குத் தொல்லை தரக்கூடாது என்றெண்ணி நோயாளர் இவற்றைச் சொல்லாமல் இருப்பதுண்டு. ஆகவே அவ்வப்போது கேட்டறிதல் நன்று. பேசுவதா, உறங்குவதா என்பதை நோயாளரின் விருப்பத்திற்கு விட்டுவிடலாம்.

வீடு திரும்பிய பின்

டாக்சோரூபிசின் பெற்றவரின் சிறுநீர் ஓரிரு நாட்கள் சிவந்திருக்கலாம். இது மருந்தின் நிறமேயாகும். மருந்தின் எச்சங்கள் உடற்கழிவுகளில் வெளியேறுவதால், ஏறத்தாழ 48 மணிநேரத்திற்கு அவற்றைக் கையுறை அணிந்தே தூய்மைப்படுத்த வேண்டும். கருவுற்ற பெண்கள் இப்பணியைத் தவிர்க்க வேண்டும்.

காய்ச்சல்

பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளையணுக்கள் மிகவும் குறைகின்றன. அப்போது 38 °செ (100.4 °பா) அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல் உயிராபத்தான தொற்றின் ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது. வெப்பமானியால் அளத்தல் வேண்டும். மருத்துவரைக் கேளாமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, தொற்று அறியப்படாமற் போகலாம். நள்ளிரவாயினும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இதற்கான தொலைபேசி எண்ணை மருந்தேற்றும் நாளன்றே கேட்டுக் குறித்துக்கொள்வது துணையிருப்பவரின் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* புற்றுநோய்
* வேதிச்சிகிச்சை
* வெள்ளையணு