சரமா, பைட் அணியா? எம்.க்யூ.எல். மொழியில் நீளுரையும் நினைவகமும்

மெட்டாடிரேடர் வணிகத் தளத்தின் நிரல்மொழியான எம்.க்யூ.எல்.-இல் நீண்ட சரங்களைக் கையாள்வது குறித்த பேச்சு பெரும்பாலும் வேகத்தையே சுற்றி வருகிறது. வேகத்துக்கு முன்னால் வைத்துப் பார்க்கவேண்டியது விடை சரியா என்பது. வலையிலிருந்தோ சாக்கெட்டிலிருந்தோ வரும் தரவைச் சரமாக எடுத்துக்கொண்ட கணமே அதன் நீளம், குறியேற்றம், அது குடியிருக்கும் நினைவகத்தின் உரிமை ஆகிய மூன்றும் நிரலரின் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. ஆகவே அத்தகைய தரவு, மனிதர் வாசிக்கும் கடைசிப் படி வரை பைட் அணியாகவே இருக்கவேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு வலுவான சான்று மொழியின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2014 பிப்ரவரியில் மெட்டாடிரேடர் 4-இன் 600ஆம் பில்டு வெளிவரும் வரை எம்.க்யூ.எல்.4-இல் ஒரு வரியுருவுக்கு ஒரு பைட். அதன்பின் சரங்கள் யூனிகோடுக்கு மாறி, ஒரு வரியுருவுக்கு இரண்டு பைட் ஆயின. அதற்கு முன்பு வலைப்பக்கங்களைப் பெற, விண்டோஸின் வின்இநெட் நூலகத்தை டி.எல்.எல். வழியாக அழைப்பது வழக்கம். வெற்றிடங்களால் நிரப்பிய ஒரு சரத்தை இடையகமாகக் கொடுத்தால், இன்டர்நெட்ரீட்ஃபைல் செயற்கூறு அதில் பைட்டுகளை எழுதிவிட்டுப் போகும். 600ஆம் பில்டுக்குப் பிறகு அதே நிரல் அடுத்தடுத்த இரண்டு பைட்டுகளைச் சேர்த்து ஒரே எழுத்தாகப் படித்தது. ஆங்கில வலைப்பக்கம் சீன எழுத்துகள் போலத் திரையில் விழுந்தது.

பலர் ‘ஏ’ என முடியும் செயற்கூறுப் பெயர்களை ‘டபிள்யூ’ என மாற்றிப் பழுதுபார்க்க முயன்றனர். இன்டர்நெட்ஓப்பனுக்கும் ஷெல்எக்ஸிக்யூட்டுக்கும் அது பொருந்தும்; இன்டர்நெட்ரீட்ஃபைலுக்கு அப்படி இரு வடிவங்களே கிடையாது. அது கேட்பது ஒரு முகவரியும் ஓர் அளவும் மட்டுமே. எழுத்து என்ற கருத்தே அதற்கு இல்லை. பைட்டுகளைக் கொட்டும் இடத்துக்குச் சரத்தை நீட்டியதுதான் பிழை. அந்தப் பிழை 600ஆம் பில்டுக்கு முன்பும் இருந்தது. ஒரு பைட்டும் ஓர் எழுத்தும் தற்செயலாகச் சமமாக இருந்ததால் வெளியே தெரியவில்லை.

குறியேற்றத்தில் சிக்கல் இன்னும் நுண்மையானது. தமிழ்ச் செய்தி ஒன்றை யு.டி.எஃப்-8 வடிவில் 1,024 பைட் துண்டுகளாகப் பெறுவதாகக் கொள்வோம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் அதில் மூன்று பைட். இடைவெளியோ எண்ணோ கலவாத துண்டில் 341 குறியீடுகள் அடங்கிய பின் ஒரு பைட் மிஞ்சும். அதன் மற்ற இரண்டு பைட்டுகள் அடுத்த துண்டில் வரும். ஒவ்வொரு துண்டையும் வந்தவுடன் சரமாக்கி ஒட்டினால் எல்லையில் நின்ற எழுத்து சிதையும். எல்லாத் துண்டுகளையும் பைட் அணியில் சேர்த்து, இறுதியில் ஒரே ஒருமுறை மாற்றினால் இந்தச் சிக்கல் எழாது. அந்த மாற்றத்திலும் குறியேற்றத்தை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். சார்அரேடுஸ்ட்ரிங் செயற்கூறு, வேறு எதுவும் சொல்லாவிட்டால், கணினியின் ஆன்சி குறிப்பக்கத்தையே எடுத்துக்கொள்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு கண்ணி உண்டு. ஸ்ட்ரிங்டுசார்அரே, சரத்தின் முடிவைக் குறிக்கும் சுழியையும் சேர்த்தே அணியில் நகலெடுக்கும். அதை நீக்காமல், வலைக்கு வேண்டுகோள் அனுப்பும் வெப்ரிக்வெஸ்ட் செயற்கூறு வழியாக அனுப்பினால் வேண்டுகோளின் உடலில் ஒரு பைட் கூடுதலாகப் போகும். சாதாரணப் படிவத்தில் இது கவனத்துக்கு வராமல் போகலாம். ஹேஷ் கொண்டு கையொப்பமிடும் பரிவர்த்தனை இடைமுகங்களில் அந்த ஒற்றைப் பைட் கையொப்பத்தையே பொய்யாக்கி, வேண்டுகோளை நிராகரிக்க வைக்கும். நிரலர் மணிக்கணக்கில் கையொப்பச் சாவியைச் சந்தேகிப்பார். குற்றவாளியோ அணியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும்.

நினைவகம் மலிந்துவிட்ட காலத்தில் ஏன் இந்தக் கவலை என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். 50 எழுத்து கொண்ட ஒரு லட்சம் வரிகளை ஒன்றுடன் ஒன்று ஒட்டினால் இறுதிச் சரம் ஒரு கோடி பைட், அதாவது சுமார் 10 மெகாபைட், சொற்பமே. ஆனால் ஒவ்வொரு ஒட்டலிலும் புதிய இடம் ஒதுக்கி முழுச் சரத்தையும் நகலெடுக்க நேர்ந்தால், மொத்தம் நகரும் அளவு 500 ஜிகாபைட்டை எட்டும். பைட் அணியில் சேர்த்து, அதன் கொள்ளளவை இரட்டித்துக்கொண்டே போனால் அந்த நகல் வேலை இறுதி அளவின் இரு மடங்குக்குள் அடங்கும். அணியின் அளவை மாற்றும் அரேரீசைஸின் மூன்றாவது அளபுரு, கூடுதல் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பதற்காகவே தரப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்தாத நிரல்களே மிகுதி என்பது வருத்தத்துக்குரியது.

வணிகத் தளத்தில் இந்த நேர விரயம் விடையையே மாற்றக்கூடும். புதிய விலை வரும்போது எழும் ஆன்டிக் நிகழ்வு ஒன்று நடந்துகொண்டிருக்கையில் மேலும் ஒரு புதிய விலை வந்தால், அதற்கான நிகழ்வு வரிசையில் சேர்வதில்லை. சரம் ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த விலைமாற்றத்தை எக்ஸ்பர்ட் அட்வைசர் எனப்படும் தானியங்கி வணிக நிரல் தனித்து அறியவே அறியாது. எம்.க்யூ.எல்.5-இல் ஒரே பங்கு அல்லது நாணய இணையின் காட்டிகள் (இண்டிகேட்டர்கள்) எல்லாம் ஒரே இழையில் ஓடுவதால், ஒரு காட்டியின் மந்தம் மற்றவற்றையும் நிறுத்திவைக்கும். வெப்ரிக்வெஸ்ட் காட்டிகளுக்கு மறுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். அந்தத் தடையை நியாயமான வடிவமைப்பு முடிவாகவே நான் காண்கிறேன்.

பைட் அணி நிரலை நீளமாக்குகிறது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. நாணய இணையின் பெயர், வணிகக் குறிப்பு, பிழைச்செய்தி போன்ற குறுஞ்சரங்களுக்கு இந்த முறை வீண் சுமை. அங்கே கூட்டல் குறியே போதும். இன்னொரு மறுப்பும் உண்டு. டி.எல்.எல்.-க்கு அணியைக் கொடுக்கும்போது அதன் தொடக்க முகவரி மட்டுமே போய்ச்சேரும். அளவைத் தனியே அனுப்பவேண்டும். இதைத் தொல்லை என்பார்கள். நீளத்தை எழுதும்படி நிரலரைக் கட்டாயப்படுத்துவதே இதன் பெரும் பயன் என்பேன். ஒதுக்கிய எல்லையை டி.எல்.எல். தாண்டி எழுதினால் கெட்டுப்போவது ஒரு மாறி மட்டுமல்ல. மெட்டாடிரேடர் டெர்மினலே விழக்கூடும், திறந்த வணிக நிலைகள் கவனிப்பாரின்றி நிற்கும்.

காட்சிக்கு அனுப்பும் இறுதிப் படியிலும் நீளத்தைச் சோதிக்கவேண்டும். விளக்கப்படத்தின் மூலையில் உரை காட்டும் கமென்ட் செயற்கூறு 2,045 வரியுருக்களுக்கு மேற்பட்டதைக் காட்டாது. விளக்கப்படத்தில் வைக்கும் லேபிளின் உரைக்கு எல்லை 63. இரண்டும் எச்சரிக்கை எதுவும் தராமலே வெட்டுகின்றன. வெட்டும் இடத்தை நிரலே தீர்மானித்து, மீதியைக் கோப்பில் எழுதுவதுதான் தகும்.