குக்கிற் பிசினும் நெஞ்சுவலியும்

நெஞ்சை அடைத்து இடக்கையில் இறங்கும் வலியை வாயுப் பிடிப்பென்று கருதி, பிசின் மருந்தே போதுமென்று இருந்துவிடுவார் நம்மிடையே பலர். அத்தகைய மருந்துகளுள் பெயர் பெற்றது குக்கில். அதற்கு இருதய வலியைத் தீர்க்கும் ஆற்றல் உண்டோ என்பதை அதன் வரலாற்றைக் கொண்டே ஆராய்வோம்.

இராஜபுதனம், கூர்ச்சரம் ஆகிய நாடுகளின் வறண்ட நிலத்தில் வளரும் முட்செடியொன்றின் பட்டையைக் கீற, வடிந்து உறைவதே இப்பிசின். நாம் வீட்டில் புகைக்கும் சாம்பிராணி வேறு, இது வேறு. குங்கிலியம் என்னும் ஒரே பெயரால் பல மரத்துப் பிசின்களும் வழங்குதலின், வாங்கியது இன்னதென்று அறியாமலே உண்பாரும் உளர்.

உடற்கொழுப்பு மிகுதலால் விளையும் நோய்க்குக் குக்கிலைச் சுசுருத சங்கிதை விதிக்கின்றது. காசி இந்து சர்வகலாசாலையில் ஆராய்ந்த சத்தியவதி அம்மையார் அப்பகுதியைப் படித்ததோடு அமையாது, முயல்களுக்கு அதனைக் கொடுத்துச் சோதித்தார். இரத்தத்திற் கொழுப்புக் குறைந்ததென 1966-ல் வெளியிட்டார். ஏட்டை வணங்காமல் சோதித்த அவ்வம்மையாரின் செயல் போற்றத்தக்கது. பின்னர் இலட்சுமணபுரி ஆராய்ச்சி நிலையத்தார் பிசினின் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். 1980-களில் இந்திய அரசாங்கம் அதனை விற்க அனுமதித்தது.

ஆயினும் 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையின் முடிவு வேறாயிற்று. தீய கொழுப்பு குறையவில்லை, சிறிது ஏறியது. சிலருக்குத் தோலிற் தடிப்பும் கண்டது. இவையெல்லாம் கொழுப்பை அளந்தனவேயன்றி வலியை அளந்தன அல்ல என்பதையும் மறத்தலாகாது. வலியுற்ற 200 பேருக்குக் குக்கில் கொடுத்த ஆராய்ச்சியொன்று 1993-ல் வெளிவந்தது. அதில் புஷ்கரமூலம் என்னும் வேரும் கலந்திருந்தமையால், கண்ட நன்மையிற் பிசினின் பங்கு எவ்வளவு என்று பிரித்துரைத்தல் இயலாது.

இந்நோய்க்கு 1772-ல் ஆங்கில வைத்தியர் ஹெபர்டன் பெயரிட்டார். 1879-ல் முரல் என்பார், வெடிமருந்துக்கு உதவும் நைட்ரோகிளிசரினைத் தாமே முதலில் நாவிலிட்டு, நாடி துடித்ததை உணர்ந்து, பின்னரே நோயாளருக்குக் கொடுத்தார். வலி சில நிமிடங்களில் தணிந்தது. இன்றும் நாவின்கீழ் வைப்பது அம்மருந்தே.

பிசின் தீங்கற்றதுதானே என்பார்க்கு ஒரு செய்தி. குக்கிலை உடனுண்டால் டில்டியாசெம், புரோப்ரனோலால் என்னும் இரு மருந்துகளும் இரத்தத்திற் குறைவாகவே சேர்கின்றன. அவை இரண்டும் இவ்வலிக்கென்றே வைத்தியர் கொடுப்பவை. ஆதலின் குக்கில் உண்போர் அதனை மறைக்காது வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். வலி கால் மணி நேரத்துக்குமேல் நீடித்தாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ, தாமதியாது ஆஸ்பத்திரி வண்டியை அழைக்க வேண்டும்.