தையற் பெட்டிக்குள் ஒரு பதக்கம்

நூற்றாண்டு மலருக்கு என்ன எழுதுவது என்று நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த மாலையில், எங்களில் ஒருவர் பழைய பிஸ்கற் ரின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய அம்மம்மாவின் தையற் பெட்டி. உள்ளே நூற்கட்டைகள், ஒன்றுக்கொன்று சோடி சேராத தெறிகள், துருப்பிடித்த குரோசே ஊசி, பாதியில் நின்றுபோன ஒரு முழ றேந்தை. எல்லாவற்றுக்கும் அடியில், பழைய லேஞ்சி ஒன்றில் சுற்றியபடி ஒரு பதக்கம். ஒருபுறம் மன்னரின் தலை. மறுபுறம் 1939, 1945 என்ற ஆண்டுகள். இரண்டு தலைப் பறவைநாகம் ஒன்றை மிதித்துக்கொண்டு ஒரு சிங்கம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் பேரரசின் படைகளில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுக்கப்பட்ட போர்ப் பதக்கம் அது. அம்மம்மாவின் தமையன் பட்டாளத்தில் இருந்தவர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பதக்கம் ஏன் ஊசிநூலோடு கிடக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

நம் சங்கத்தின் பழைய அறிக்கைகளில் அதிபர்களின் பெயர்கள் உண்டு, பரீட்சைப் பெறுபேறுகள் உண்டு, வலைப்பந்தாட்டக் கிண்ணங்கள் உண்டு. தையல் வகுப்பு பற்றி ஆண்டுக்கு ஒரு வரி வரும்: "கைப்பணிக் கண்காட்சி இனிதே நடைபெற்றது." அந்த ஒரு வரிக்குள் இருந்ததை எங்களால் இயன்றவரை இங்கே சொல்லப் பார்க்கிறோம்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் நாற்பது ஆண்டுகூட முழுதாக இருக்கவில்லை. 1658இல் ஒல்லாந்தர் வந்துவிட்டார்கள். ஆனால் றேந்தை, லேஞ்சி, துவாய், அலுமாரி என்று நம் பெண்கள் தொட்டுப் புழங்கும் பொருள்களின் பெயர்களில் போர்த்துக்கேயம் இன்றும் இருக்கிறது. கோட்டையைக் கட்டியவர்களைவிடச் சட்டைக்கரையில் றேந்தை வைத்தவர்கள் ஆழமாக வேரூன்றிவிட்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஒல்லாந்தருக்கோ நூலைவிடச் சாயத்தில்தான் கண். மன்னாரிலும் தீவுகளிலும் தோண்டிய சாயவேரைத் தங்கள் தனியுரிமையாக்கி, சிவப்புச் சாயமேற்றிய துணியில் வியாபாரம் செய்தார்கள்.

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். பின்னர் எலைசா அக்னியூ அம்மையார் 1840 தொடக்கம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே கற்பித்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கோடு தையலும் அன்றிலிருந்தே பாடம். 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென்று கல்லூரி அமைத்தபோதும் ஊசி கைவிடப்படவில்லை. பெண்ணை அடக்கமாக உட்கார வைப்பதற்கே தையல் கற்பித்தார்கள் என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். அதில் பாதி உண்மை. மறுபாதி, தையல் வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்: தலையைக் குனிந்துகொண்டு எதையும் கதைக்கலாம். ரீச்சரின் கண் கையில்தான் இருக்கும், வாயில் இராது.

சிங்கர் கம்பனி 1877இல் இலங்கைக்கு வந்தது. பின்னர் வசதியுள்ள வீடுகளின் விறாந்தையில் ஒரு கால்மெசின் வந்து குந்தியது. தைத்ததும் பின்னியதும் எல்லாம் அலுமாரிக்குள் போயின: தலையணை உறை, மேசை விரிப்பு, கதிரை முதுகுச் சீலை. பெண் பார்க்க வருபவர்களுக்கு அந்த அலுமாரியைத் திறந்து காட்டுவதும் உண்டு. எங்கள் பாட்டிமார் சிலருக்கு அது பெருமை. ஒருவர் மட்டும், "என்னைக் காட்டினது காணாதெண்டு என்ர தலையணை உறையையும் காட்டினவை" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார். மாணவர் காங்கிரஸ் அழைத்திருந்தது. கதர் நிதி சேர்ப்பது பயணத்தின் நோக்கம். இராமநாதன் கல்லூரியிலும் உடுவிலிலும் மாணவிகளிடம் பேசினார். அதன்பின் சில வீடுகளில் இராட்டை சுழன்றது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும்: நம் பெண்கள் நூற்பவர்களாகவில்லை. நூலை வாங்கி முடிச்சுப் போடுவதில்தான் அவர்களுக்கு மனம்.

இனிக் கம்பளி நூல். பங்குனி வெயிலில் கிணற்றடிச் சீமெந்தே கொதிக்கும் ஊரில் கம்பளி எதற்கு? படைக்கு. கம்பளிப் பின்னலின் பெயர்களே படைமுகாமிலிருந்து வந்தவை. கார்டிகன் என்பது ஒரு பிரித்தானியத் தளபதியின் பட்டப்பெயர். முகமும் கழுத்தும் மூடும் பலக்கிளாவாத் தொப்பி, 1854இல் கிரிமியாவில் சண்டை நடந்த ஊரின் பெயரைத் தாங்கியது. மேசின் விரல்முனையைத் தழும்பு தெரியாமல் மூடும் தையலுக்கு முதலாம் உலகப் போர்க்காலத்துக் கிச்சனர் பிரபுவின் பெயர். வாளோ துப்பாக்கியோ தொடாத நம் பெண்கள் இந்தப் பெயர்களையெல்லாம் மனப்பாடமாய் வைத்திருந்தார்கள்.

1939இல் மீண்டும் போர் மூண்டபோது காக்கி நிறக் கம்பளி நூல் பொதியாக வந்ததையும், வகுப்பில் மேஸ் பின்னியதையும் எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேசுக்கு இருபுறமும் கூரான நான்கு ஊசிகள் வேண்டும். மூன்றில் கண்ணிகள் நிற்க, நான்காவது சுற்றிச் சுற்றி வரும். கணுக்கால்வரை வெறும் பொறுமை போதும். குதிக்கால் திரும்பும் இடத்தில்தான் கணக்குப் பிழைக்கும்; பாதிக் கண்ணிகளை நிறுத்தி வைத்து, மீதியை முன்னும் பின்னுமாகப் பின்னி, ஒவ்வொன்றாகக் குறைத்து, நிறுத்தியதை மறுபடி கூட்டவேண்டும். வியர்த்த கையில் நூல் ஒட்டும் என்பதால் உள்ளங்கையில் பவுடர் தடவிக்கொண்டார்களாம். குதிக்கால் பிழைத்தால் ரீச்சர் முழுவதையும் அவிழ்ப்பார். "இதைப் போட்டு நடக்கிறவனுக்குக் கால் கொப்புளிக்கும் பிள்ளை" என்பாராம். போடப்போகிறவன் யாரென்று அவருக்கும் தெரியாது.

இலங்கையில் கட்டாயப் படைச்சேவை இருக்கவில்லை. போனவர்கள் தாமாகவே போனார்கள். சம்பளத்துக்காகப் போனவர்களே அதிகம் என்று நினைக்கிறோம், அதில் வெட்கமொன்றுமில்லை. இலங்கைப் பாதுகாப்புப் படையில் சேர்ந்து கொழும்பிலும் திருகோணமலையிலும் காவல் இருந்தார்கள். வேறு சிலர் பிரித்தானியப் படையின் துணை அணிகளோடு மத்திய கிழக்குக்கும் போனார்கள். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின, 9ஆம் திகதி திருகோணமலையை. பலாலியில் விமானத்தளம் எழுந்ததும் அந்தப் போரில்தான். பர்மா ஜப்பானியரிடம் விழுந்ததோடு அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. கூப்பன் அரிசி வந்தது. வீடுகளில் ஒடியற் பிட்டும் குரக்கனும் பழையபடி அடுப்பேறின.

ஆனால் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு அந்தப் போரின் பெயர் மலாயா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நம் ஆண்கள் மலாயாவின் ரயில்வே, தபால், நில அளவை, திறைசேரிக் கந்தோர்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோலாலம்பூர், ஈப்போ, தைப்பிங், சிரம்பான் எல்லாம் மானிப்பாய்க்கும் தெல்லிப்பழைக்கும் பக்கத்து ஊர்போல வாயில் புழங்கின. மாதாமாதம் மணியோடர் வரும். கலியாணம், கல்வீடு, எங்கள் பாடசாலைக் கட்டணம்கூட அந்தக் காசில்தான். 1941 டிசம்பர் 8ஆம் திகதி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அடுத்த மாதம் 11ஆம் திகதி கோலாலம்பூர், பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர். அதோடு கடிதமும் நின்றது, காசும் நின்றது. மூன்றரை ஆண்டுகள்.

எங்களில் ஒருவருடைய அப்பம்மா அப்போது நான்கு பிள்ளைகளோடு வலிகாமத்தில் இருந்தார். கணவர் மலாயா ரயில்வேயில். முதல் இரண்டு மாதம் தபாற்காரன் வரும் நேரத்துக்குப் படலையடியில் நிற்பாராம். பிறகு நிற்பதை விட்டுவிட்டார். அயலில் கலியாணம் வைத்திருந்த ஒரு வீட்டுக்குப் போய், "றேந்தை பின்னித் தாறன், நூல் நீங்கள் தாங்கோ" என்று கேட்டாராம். அதுவரை அவர் கையால் பின்னியது அவருடைய அலுமாரிக்கு மட்டும். முழக்கணக்கில் கூலி. காசில்லாதவர்கள் அரிசியாகவும் தேங்காயாகவும் தந்தார்கள். வெளிநாட்டு நூல் கிடைக்காமற் போனதும், பழைய விரிப்புகளை ஒரு நுனியில் பிடித்து அவிழ்த்து, அந்த நூலிலேயே புதிதாகப் பின்னினார். சீதன அலுமாரி இப்படியே வெறுமையானது. மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. மலாயாக்காரன் பெண்சாதி கூலிக்குப் பின்னுகிறாள் என்று ஊர் சொல்லும் என்பது அவருக்குப் பயம். ஆனாலும் அந்த அரிசியில் அவரும் சாப்பிட்டார் என்று அப்பம்மா சிரித்துக்கொண்டே சொல்வாராம்.

ஜப்பானியர் சரணடைந்து மாதங்கள் கழித்துக் கணவர் வந்தார். சயாம்-பர்மா ரயில்பாதைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்தப் பாதையில், போர்க்கைதிகளோடு மலாயாத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக மாண்டார்கள். அவர் அதைப்பற்றிப் பேசவே மாட்டார். ஒரு பழக்கம் மட்டும் இருந்தது: அப்பம்மா பின்னும்போது பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, நூற்பந்தைக் கையில் வைத்து மெல்ல மெல்ல விட்டுக்கொடுப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அந்த வேலையை வேறு எந்த வீட்டிலும் ஆண்கள் செய்து அவர்கள் பார்த்ததில்லை.

அதே மலாயாவில் நம்மவர்களின் பெண்பிள்ளைகள் சிலர் ஊசியை விட்டுத் துப்பாக்கி எடுத்ததையும் சொல்லவேண்டும். சுபாஸ் சந்திர போசின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படைப்பிரிவு 1943இல் சிங்கப்பூரில் லட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் தொடங்கியது. ஈப்போவில் 1927இல் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண் ராசம்மா நவரத்தினம், தமக்கை பொன்னம்மாவோடு அதில் சேர்ந்து பர்மாவரை போனார். ராசம்மா பூபாலன் என்று பின்னாளில் அறியப்பட்ட அவர், கோலாலம்பூர் மெதடிஸ்ற் பெண்கள் பாடசாலையின் அதிபராக நீண்டகாலம் இருந்தார். மலேசியாவில் இருக்கும் நம் பழைய மாணவிகளுக்கு இது புதிய செய்தி அல்ல. ஊரிலிருந்த எங்களுக்குத்தான் பிந்தித் தெரிந்தது.

பிறகு எங்கள் சொந்தப் போர் வந்தது. 1990இலிருந்து மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்ட விளக்கில் படித்தோம், பின்னினோம். கம்பளி நூல் வராதபோது, வெளிநாட்டில் இருந்து யாரோ முன்பு அனுப்பிய சுவெற்றரை அவிழ்த்தோம். அவிழ்த்த நூல் சுருண்டு நிற்கும். கதிரை முதுகில் சுற்றி, மூன்று நான்கு இடத்தில் கட்டி, நனைத்து, அடியில் ஒரு பாரத்தைத் தூக்கினால்தான் நிமிரும். ஊசிக்குச் சைக்கிள் கம்பி. சீமெந்தில் தேய்த்துக் கூராக்கினால் மேலான ஊசி. கனடாவுக்கும் நோர்வேக்கும் போகும் பிள்ளைகளுக்காகப் பின்னினோம். குளிர் எப்படியிருக்கும் என்று தெரியாமலே அளவைக் கொஞ்சம் பெரிதாக வைத்தோம்.

1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது அலுமாரிகள் அப்படியே நின்றன. அந்த அப்பம்மாவின் மேசை விரிப்பு ஒன்று சோற்றுப்பானையைக் கட்டிக்கொண்டு போனதால் தப்பியது. 2009இல் வன்னியில் மணல் மூட்டை தைக்கச் சாக்கு இல்லாதபோது பெண்கள் சேலைகளை வெட்டினார்கள், கூறைச் சேலையையும்கூட. அந்தத் தையலை எந்தக் கைப்பணிக் கண்காட்சியிலும் வைக்கமாட்டார்கள். நம் வகுப்புகளில் இருந்து எழுந்து போய்த் திரும்பி வராத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பாதியில் விட்ட தையற் துணிகளைச் சில தாய்மார் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் அதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

பதக்கத்துக்கு வருவோம். மலர் வேலை முடியும் தறுவாயில், ரொறன்ரோவில் இருக்கும் பெரிய தங்கச்சியார் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். தொண்ணூறைக் கடந்தவர். கேட்டவுடனே சொன்னார்: "அது அண்ணை குடுத்தது, பிள்ளை. நாடா பிஞ்சு போச்சு, தைச்சுத் தா எண்டு அக்காவிட்டக் குடுத்தவர். இண்டைக்கு நாளைக்கு எண்டு அவ விட்டிட்டா. அந்த ஆண்டே அண்ணை மோசம் போயிட்டார். பிறகு அவ அதைத் தொடயில்லை."

பெட்டியைத் திறந்து மீண்டும் பார்த்தோம். நாடாவின் ஓரத்தில் நீல நூலால் நான்கு தையல் போட்டிருந்தது. ஊசி அதிலேயே குத்தியபடி துருவேறி நிற்கிறது.

சங்க அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி ஒதுக்கியிருக்கிறோம். பழைய தையற் கொப்பி, மாதிரித் துணி, றேந்தைத் துண்டு எதுவாயினும் உங்களிடம் இருந்தால், யார் பின்னியது, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். கறை பிடித்திருந்தால் கழுவவேண்டாம். பிஸ்கற் ரின் முதலாவது தட்டில் இருக்கிறது. நாடாவைத் தைத்து முடிப்பதா, அப்படியே விடுவதா என்று எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவில்லை.