ரஸ்கினும் ஆவடியும்

1955 ஜனவரித் திங்களில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. முதன்மையான உற்பத்திச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையாகவோ கட்டுப்பாட்டிலோ இருத்தல், உற்பத்தி பெருகுதல், செல்வம் நேர்மையாகப் பங்கிடப்படுதல் ஆகியவற்றை அத்தீர்மானம் கூறிற்று. வேலை அதனைச் செய்கிறவனை என்ன ஆக்குகிறது என்னும் வினா அதில் இல்லை. அவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே எழுப்பியவர் ஜான் ரஸ்கின் (1819–1900).

ரஸ்கின் கலைத் திறனாய்வாளராகவே அறிமுகமானார். 1851க்கும் 1853க்கும் இடையில் வெளிவந்த 'வெனிஸ் நகரின் கற்கள்' என்னும் நூலில், கோதிக் ஆலயங்களின் செம்மையற்ற செதுக்கு வேலையில் உழைப்பாளியின் விடுதலையுள்ள மனத்தைக் கண்டார். அவர் காலத்துத் தொழிற்சாலையோ, குண்டூசி செய்யும் வேலையைப் பகுப்பதாகச் சொல்லி மனிதனையே துண்டாக்குகிறது என்றார். 1854 முதல் இலண்டன் தொழிலாளர் கல்லூரியில் சித்திரம் கற்பித்தார். தச்சனை ஓவியனாக்குவதன்று, தச்சனாகவே மகிழச் செய்வதே அவர் நோக்கம். குறைகளும் அவருக்குண்டு. 1857 கிளர்ச்சிக்குப்பின் ஆற்றிய உரையில் இந்தியக் கலை இயற்கையைக் காண மறுப்பது என இழித்துரைத்தார். நம் சிற்பிகளின் உளியை அவர் அறிந்தாரில்லை.

1860இல் கார்ன்ஹில் இதழில் பொருளியல் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் வாசகரின் சினத்தைக் கிளறவே, ஆசிரியர் தாக்கரே அவற்றை நான்கோடு நிறுத்திவிட்டார். 1862இல் நூலான அக்கட்டுரைகளின் தலைப்பு மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத்தோட்ட உவமையிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழில் அதனைக் 'கடையனுக்கும் கதிமோட்சம்' என்பர். பிந்தி வந்தவன் பெற்றதோ கதிமோட்சமன்று, ஒரு பணம்! தொழிலுக்கு நிலையான கூலி வேண்டும், குறைந்த கூலிக்கு ஏலம் கேட்போரைப் போட்டியிடச் செய்தல் தகாது என்பது ரஸ்கினின் வாதம். பேராயர் இறந்தால், மிகக் குறைந்த ஊதியம் கேட்கும் குருவானவருக்கா மறைமாவட்டத்தை ஒப்படைக்கிறோம் என்று அவர் வினவியது நம்மவர்க்கும் உறைக்கும். உடல்நல விதிகளும், சாந்தமும் நீதியும், பிழைப்புக்குரிய தொழிலும் சிறுவர் யாவர்க்கும் அரசுப் பள்ளிகளில் கற்பிக்கப்படவேண்டும் எனவும் அவர் கோரினார்.

1904இல் காந்தியடிகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் சென்ற இரயிலில் இந்நூலைப் படித்தார். அவ்வாண்டே பீனிக்ஸ் குடியிருப்பு தோன்றியது. 1908இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் 'சர்வோதயம்' என வெளியிட்டார். திருமறையில் பிறந்த இக்கருத்தைக் காந்தியடிகளின் வழியில் திருச்சபைக்கே திருப்பிக் காட்டியவருள் தஞ்சையில் 1892இல் பிறந்த ஜே.சி. குமரப்பா தலையானவர். இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றிய நூலையும், நிலைத்த பொருளியலைப் பற்றிய நூலையும் அவர் சிறையிலிருந்தே எழுதினார். வேலை மனிதனை வளர்க்கவேண்டும் என்பது பின்னதன் உயிர்நாடி. நம் சபைகள் அவரைப் போதிய அளவு கற்கவில்லை என்பதே எம் கருத்து.

குமரப்பா 1960 ஜனவரி 30இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அப்பத்தாண்டிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. இவை எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இன்று நம் நாட்டுத் தொழிற்கூடங்கள் பலவற்றில், நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே வேலையைச் செய்து வெவ்வேறு கூலி பெறுகின்றனர். உவமையில் நிகழ்ந்ததற்கு இது நேர்மாறானது. நாமோ அவ்வுவமையைக் கடைசி நேர மனந்திரும்புதலுக்கே பெரிதும் பிரசங்கிக்கிறோம். அப்பொருள் தவறன்று. ஆனால் வீட்டெஜமான் கொடுத்த பணம் அக்காலத்தில் ஒரு நாட்கூலி. மாலைவரை சந்தைவெளியில் நின்றவனை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை. அவன் வீட்டிலும் அன்றிரவு அடுப்பு எரியவேண்டியிருந்தது.